பிரம்புப் பின்னல் தொய்ந்த பழைய தேக்கு நாற்காலிகளை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டி பயன்படுத்திய நான்கு நாற்காலிகள், பல ஆண்டுகள் பூட்டிய அறையில் கிடந்தபின், இப்போது என்னிடம் வந்து சேர்ந்துள்ளன. சட்டம் தேக்கு, இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். இருக்கைகள் நடுவில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தொய்ந்துவிட்டன, ஆனால் ஓர் இழைகூட அறவில்லை. பின்னலின் கண்களில் தூசி இறுகிப் போயிருக்கிறது. இரண்டு நாற்காலிகளின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரிகிறது. யாரோ எப்போதோ கைகளின் மீது சமையல் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். தொட்டால் பிசுபிசுக்கிறது, சிக்கு வாடையும் அடிக்கிறது. ஒரு கையின் மேல் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று இருக்கிறது.

பிரம்பில் நீர் படவே கூடாது என்கிறார் ஒருவர். நன்றாகக் கழுவி வெயிலில் போடச் சொல்கிறார் இன்னொருவர். பாட்டி அமர்ந்து படித்த நாற்காலிகள் இவை என்பதால், செய்து பார்த்துக் கெடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். இழை அறவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது, ஏனெனில் அறாத பின்னலின் தொய்வைப் பெரும்பாலும் நீரைக் கொண்டே சரிசெய்துவிடலாம். உங்களிடம் பேசிய இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பின்னலுக்குப் பயன்படுவது பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த பட்டை. அதன் வெளிப்புறம் வழவழப்பாக இருப்பதால் நீரை எளிதில் உள்ளே விடாது. உட்புறமோ நுண்துளைகள் நிறைந்தது, நீரை உறிஞ்சும். ஈரம் ஏறும்போது இழை இளகும், உலரும்போது இறுகும். ஆகவே நீரை மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. அடியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் தூசியை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிடுங்கள், இல்லையேல் ஈரம் பட்டதும் அது சேறாகி இழைகளின் இடுக்குகளில் நிரந்தரமாகத் தங்கிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே, வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையால் இருபுறமும் இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். பூஞ்சணம் உள்ள நாற்காலிகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துலக்குங்கள். பிறகு வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து, பூஞ்சணம் இருந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். பிளீச்சிங் கரைசலைத் தயவுசெய்து நெருங்கவிடாதீர்கள். அது நாரை வலுவிழக்கச் செய்வதோடு நிறத்தையும் திட்டுத்திட்டாக மாற்றிவிடும்.

இதன்பின் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை இருக்கையின் அடிப்பக்கத்தில் அரைமணி நேரம் பரப்பி வையுங்கள். துணியை எடுத்தபின் நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு முழு நாளாவது உலர விடுங்கள். கடும் வெயிலில் வைத்தால் மேற்புறம் வேகமாக உலர்ந்து இழை வெடிக்கும். ஈரம் முழுவதும் போகும்வரை யாரும் அதில் உட்காரக் கூடாது, ஏனெனில் இளகிய நிலையில் பாரம் ஏற்றினால் முன்பைவிட அதிகமாகத் தொய்ந்துவிடும். ஒருமுறையில் போதிய அளவு இறுகாவிட்டால் மீண்டும் ஒருமுறை செய்யலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் இந்த நாற்காலிகளில் பிரம்போடு மரமும் இருக்கிறது. பிரம்புக்கு நல்லது செய்யும் அதே வெந்நீர் மரத்தின் மெருகைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் பின்னலின் ஓரத்தைப் பாருங்கள். சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றின் வழியே இழைகளைக் கோத்திருந்தால் அது கையால் பின்னியது. ஓரம் வரை ஈரம் பட்டாலும் பெரிய தீங்கில்லை. மாறாக, முன்பே பின்னிய விரிப்பைச் சட்டத்தின் பள்ளத்தில் அழுத்தி, அதன்மேல் ஒரு தடித்த பிரம்புக் குச்சியை வைத்துப் பசையால் ஒட்டியிருந்தால், வெந்நீர் அந்தப் பசையை இளக்கிப் பின்னலையே கழற்றிவிடும். அப்படியானால் துணியை ஓரத்திலிருந்து மூன்று விரற்கடை தள்ளியே பரப்புங்கள்.

அடுத்தது மெருகு. பழைய நாற்காலிகள் பலவற்றில் இருப்பது அரக்கு மெருகு, அதாவது அரக்கைச் ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) கரைத்துப் பூசியது. கண்ணில் படாத ஓரிடத்தில், காலின் உட்புறத்தில், ஒரு சொட்டுச் ஸ்பிரிட்டை வைத்துச் சற்றுப் பொறுத்துத் தொட்டுப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது அரக்கு. அரக்கு மெருகுக்கு வெப்பமும் நீரும் ஆகாது. உங்கள் வெள்ளை வளையம் அப்படி வந்ததாகவே இருக்கும். வெண்மை என்றால் ஈரம் மெருகுக்குள் மட்டுமே சிக்கியிருக்கிறது என்று பொருள்; கருமை என்றால்தான் அது மரத்துக்குள் இறங்கிவிட்டது. அரக்குதான் என்று உறுதியானால், ஸ்பிரிட்டை மிகக் குறைவாகத் தொட்ட, ஏறக்குறைய உலர்ந்ததாகவே தோன்றும் துணியால், வளையத்தின் மேல் நிற்காமல் ஒரே வீச்சில் வருடிச் செல்லுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் மெருகே கையோடு வந்துவிடும். இதைச் செய்ய மனத் துணிவு இல்லாவிட்டால் வளையத்தை அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை. அதனால் மரத்துக்குக் கேடு எதுவும் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கிற்கு டர்பன்டைனைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். அது எண்ணெயையும் பழைய மெழுகையும் கரைக்கும், அரக்கைக் கரைக்காது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மரத்துக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும்’ என்ற நம்பிக்கையால் எத்தனையோ நல்ல நாற்காலிகள் வீணாவதைப் பார்க்கிறேன். சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் முழுமையாக உலர்ந்து கெட்டிப்படுவதில்லை; மேலே தங்கித் தூசியைப் பிடித்துச் சிக்குப் பிடிக்கின்றன. ஆளிவிதை எண்ணெய் உலரும் தன்மையுடையது, ஆனால் மெருகு பூசிய மரத்துக்குள் அதுவும் இறங்காது. மெருகில்லாத மரத்துக்கு அதைப் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால், உலரும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துப் போட்டு உலர்த்துங்கள், அல்லது நீரில் மூழ்க வையுங்கள்.

சுத்தம் செய்து முடித்தபின் தேன்மெழுகுப் பூச்சை மிக மெல்லியதாகத் தடவி, சற்று உலர்ந்ததும் மென்துணியால் தேய்த்தால் போதும். கடைகளில் கிடைக்கும் தெளிப்பு பாலிஷ்கள் சிலவற்றில் சிலிகோன் கலந்திருக்கும். பின்னாளில் புது மெருகு பூசும்போது அது ஒட்டாமல் குழிகுழியாக விலகிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தூசி எடுக்கும்போது, ஒரு நாற்காலியின் பின்காலில் குண்டூசித் தலையளவில் ஐந்தாறு வட்டத் துளைகளைக் கண்டேன். கீழே மிக நுண்ணிய தூளும் இருந்தது. இது கரையானா?

மறுமொழி 3

தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழுக்கினால், மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை அது. உலர்மரக் கரையானின் எச்சம் மணல்போல் நெருடும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் ஆறு பட்டைகளோடு தெரியும். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது கெட்டியான உள்மரத்தை, இவ்வகை வண்டு பொதுவாகத் தொடுவதில்லை. வெளிறிய புறமரத்தைத்தான் நாடும். பிரம்பிலும் மூங்கிலிலும் மாச்சத்து இருப்பதால் அவற்றுக்கும் பரவலாம்.

துளை இருப்பதாலேயே பூச்சி இன்னும் இருக்கிறது என்று பொருளில்லை, ஏனெனில் அவை வளர்ந்த வண்டு வெளியேறிய வழிகள். அந்த நாற்காலியை மற்ற மூன்றிலிருந்தும் இன்றே தனியாக வைத்து, துளைகளைத் துடைத்து, அடியில் கருப்புத் தாள் விரித்துச் சில வாரங்கள் பாருங்கள். புதிய தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கக்கூடும். புழுவைக் கொல்லும் போராக்ஸ் (வெண்காரம்) வகைக் கரைசல் மெருகைத் தாண்டி உள்ளே போகாது என்பதால், துளைகளிலும் மெருகில்லாத அடிப்பரப்பிலும் சிரிஞ்சால் செலுத்த வேண்டியிருக்கும். தூள் அதிகமாக விழுந்தாலோ கால் வலுவிழந்திருந்தாலோ, பூச்சிக் கட்டுப்பாடு அறிந்தவரிடம் காட்டுங்கள். புழு மரத்துக்குள் ஓராண்டுக்கு மேலும் வாழக்கூடும். சில வாரங்கள் தூள் விழவில்லை என்றதும் மற்ற நாற்காலிகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஓரத்தில் துளைகள் இருப்பதால் இருக்கைகள் கையால் பின்னியவை என்று உறுதியானது. இரண்டு நாற்காலிகள் ஒரே முறையில் மேளம்போல் இறுகிவிட்டன. மூன்றாவதற்கு இரண்டு முறை தேவைப்பட்டது. பிசுக்கு நீங்கியதும் கைகளில் தேக்கின் ரேகைகள் தெளிவாகத் தெரிகின்றன. வெள்ளை வளையத்தை நான் தொடவில்லை. அந்த இடத்தில்தான் பாட்டி தம் குவளையை வைப்பார். நான்காவது நாற்காலி கருப்புத் தாளின் மேல் தனியாக நிற்கிறது. இதுவரை தூள் விழவில்லை.