'லாஸ்ட்வேவ்': தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பதிவு கையில் இருக்கும். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட பழைய பாட்டுகளைத்தான் இணையத்தில் கூடித் துப்புத் துலக்குகிறவர்கள் 'லாஸ்ட்வேவ்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு 'தொலைந்த அலை' என்று இருக்கிறது. நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. 'வேவ்' என்பது 1980களின் நியூ வேவ் இசையிலிருந்து ஒட்டிக்கொண்ட வால். தமிழில் படிப்பவர் ஏதோ வானொலி அலைவரிசை காணாமல் போனது என்று நினைப்பார்.

'தொலைந்த' என்பதிலும் சிக்கல் உண்டு. வட ஜெர்மனியின் என்.டி.ஆர் வானொலியிலிருந்து 1984 வாக்கில் ஒருவர் கேசட்டில் பதிந்த பாட்டு 2007இல் இணையத்துக்கு வந்தது. கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' அது என்று 2024 நவம்பரில்தான் தெரிந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டும் வேண்டியவர் வேண்டியபோது அதைக் கேட்க முடிந்தது. இதில் தொலைந்தது என்ன?

உண்மையிலேயே தொலைந்த வகை வேறு. டி.ஏ. என்ற பெயரில் 'ரெடி அண்ட் ஸ்டெடி' என்றொரு பாட்டு 1979இல் பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் முதல் நூறுக்கு அடுத்த பட்டியலில் 102ஆம் இடம் வரை வந்தது. பெயர் அச்சில் இருக்கிறது, இடம் இருக்கிறது, பாட்டைத்தான் 2016 வரை சேகரிப்பாளர் எவராலும் கேட்க முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான்.

– செ.

*

> இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான்.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தனி மடலில் வந்த பரிந்துரைகளையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

'அநாதைப் பாடல்' ஆகாது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பைக் காப்புரிமைக்காரர்கள் அநாதைப் படைப்பு என்கிறார்கள். அதில் பாடியவர், ஆண்டு எல்லாம் தெரிந்தும் உரிமை யாரிடம் என்பது மட்டும் தெரியாமல் இருக்கலாம். 'பெயரிலிப் பாடல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேசட் உறையில் பாட்டின் பெயர் எழுதியிருந்து, குழு எது என்று தெரியாத பதிவுகளும் உண்டே. 'மூலமறியாப் பாடல்' இலக்கணப்படி சரிதான். மூலம் என்றதும் மருத்துவரிடம் போகச் சொல்லும் ஊரில் அதைப் புழக்கத்தில் விடுவது கடினம்.

என் பரிந்துரை: தேடுபாட்டு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தேடிய பாட்டு, தேடுகின்ற பாட்டு, தேடும் பாட்டு என்று முக்காலத்துக்கும் விரியும். ஃபெக்ஸ் பாட்டு அடையாளம் தெரிந்த பிறகும் ஆங்கிலக் குழுக்களில் 'இனி இதை லாஸ்ட்வேவ் என்று சொல்லலாமா?' என்று சண்டை போடுகிறார்கள். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம்; சொல்லுக்குள்ளேயே காலம் அடங்கிவிட்டது.

– மு.

*

சொல் பிடித்திருக்கிறது. ஒரு தடை: 'ரெடி அண்ட் ஸ்டெடி'யையும் தேடத்தானே செய்தார்கள்? ஆகவே அந்த வகைக்குத் தனிச்சொல் கொடுத்தால்தான் தேடுபாட்டு நிற்கும். 'பதிவிலிப் பாட்டு' என்று வைத்துவிடலாம்.

அதைவிட அவசரமாக எனக்கு வேண்டிய சொல் ஒன்று உண்டு. பழைய பதிவின் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது ஒலியின் அலைவெண்களைக் காட்டும் படத்தை, திறந்தால் மேலே, பாட்டோடு சம்பந்தமில்லாமல், முதலிலிருந்து கடைசி வரை ஆடாமல் அசையாமல் ஒரு கோடு ஓடும். பாட்டைவிட அந்தக் கோடு அதிகம் பேசும். 2021இல் 17 விநாடித் துணுக்காக வலையேறிய 'எவ்ரிஒன் நோஸ் தட்' பதிவில் அது 15,734 ஹெர்ட்ஸில் இருந்தது. அமெரிக்க, ஜப்பானிய என்.டி.எஸ்.சி தொலைக்காட்சியின் கிடைவரி அலைவெண் (விநாடிக்குத் திரையில் வரையும் வரிகளின் எண்ணிக்கை) அது. ஐரோப்பாவும் இந்தியாவும் பயன்படுத்திய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 15,625. எனவே எந்த நாட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் தேடுவது என்பதை ஒரு கோடே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கிடைத்த விடையும் 1986இன் அமெரிக்க வயதுவந்தோர் படம் ஒன்றின் பின்னணிப் பாட்டுதான். ஜெர்மன் பதிவில் 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரிந்தது. அதே காலத்து என்.டி.ஆர் பதிவுகள் வேறு சிலவற்றிலும் அது இருந்ததால் நிலையத்தைப் பற்றிய ஐயம் குறைந்தது. இதற்குச் 'சாட்சிக்கோடு' என்கிறேன்.

வரையறையில் இதன் பயனையும் சேர்க்க வேண்டும். 15,734இல் இருக்க வேண்டிய கோடு 15,890இல் நின்றால் பதிவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த அளவு குறைத்துவிட வேண்டும். ஆறு விழுக்காடு தவறினால் சுருதி அரைக்கட்டை நகர்ந்துவிடும். ஷாஸாம் போன்ற, பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் செயலிகள் ஒலியின் உச்சப் புள்ளிகளையும் அவற்றுக்கு இடையிலான நேரத்தையும் சேர்த்து ஒப்பிடுவதால், சில விழுக்காடு வேகம் மாறினாலே கைவிரித்துவிடும். தரவுத்தளத்தில் இல்லாத பாட்டென்றால் என்ன செய்தாலும் கைவிரிக்கும், அது வேறு. இன்னொரு எச்சரிக்கை: கோடு எந்தப் படியெடுப்பில் புகுந்ததோ, அதற்குப் பிந்திய வேகப்பிழையைத்தான் காட்டும். அறையில் ஓடிய படக்குழாய்த் தொலைக்காட்சியின் கீச்சொலியை மைக் பிடித்திருந்தால், அதற்கு முந்திய கேசட்டின் வேகத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பலர் இந்தச் சாட்சியைக் கொன்றுவிட்டுத்தான் பதிவை அனுப்புகிறார்கள். இரைச்சல் நீக்கியைப் போட்டால் முதலில் அழிவது இந்தக் கோடுதான். விநாடிக்கு 22,050 மாதிரி என்ற வீதத்தில் சேமித்தால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. 128 கிலோபிட் எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும். கேசட் கருவியின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மேல்சுரம் மிகத் தெளிவாகும் வரை ஹெட்டின் சாய்வைத் திருகால் சரிசெய்து, டால்பி என்ற இரைச்சல் குறைப்பை அணைத்து, குறைந்தது 44,100 வீதத்தில் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக எடுக்க வேண்டும். பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ளதை நறுக்கக் கூடாது. பக்கத்துப் பாட்டுகளின் வெளியீட்டு நாள்தான் காலத்தைக் கணிக்க முதல் ஆதாரம்.

– க.

*

> பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ளதை நறுக்கக் கூடாது.

நம்மூர் கேசட்டுகளுக்கும் இதே கதிதான். இலங்கை வானொலியில் படப்பெயரையும் பாடியவர் பெயரையும் அறிவிப்பாளர் சொல்லியிருப்பார். 'பேச்சு வேண்டாம்' என்று அந்த இடத்தில் பாஸ் பொத்தானை அமுக்கியிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது தற்காலிகப் பெயரைப் பற்றி. குழு தெரியாத காலத்தில் பாட்டை எப்படிக் குறித்தார்கள்? காதில் விழுந்த வரியை வைத்துத்தான். ஜெர்மன் பாட்டுக்கு 'லைக் த விண்ட்' என்றும் 'பிளைண்ட் த விண்ட்' என்றும் இரு பெயர், கேட்ட காதுக்குத் தக்கபடி. இந்த வேலையை நம்மவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். குறுந்தொகை 40ஐப் பாடியவர் பெயர் தெரியாததால் 'செம்புலப் பெயல்நீர்' என்ற தொடரைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். அடுத்த பாட்டுக்கு அணிலாடு முன்றிலார், நற்றிணை 284க்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார். தொடரால் பெயர்பெற்ற புலவர்கள் என்பது பாடநூலிலேயே உள்ள வழக்கு. ஆகவே 'தொடர்ப்பெயர்' என்று எடுத்துக்கொள்ளலாம்.

– இ.

*

தொடர்ப்பெயர் அருமை, அம்மா. சின்னத்திரைத் தொடரின் பெயர் என்று ஓரிருவர் நினைக்கலாம். எடுத்துக்காட்டு கொடுத்தால் தீர்ந்துவிடும்.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

தேடுபாட்டு: பதிவு கிடைத்து, படைத்தவரோ மூல வெளியீடோ அறியப்படாததால் பலர் கூடித் தேடும், அல்லது தேடிக் கண்ட பாட்டு. பதிவிலிப் பாட்டு: பெயரும் விவரமும் அறியப்பட்டு, ஒலிப்பதிவு கிட்டாதது. சாட்சிக்கோடு: பதிவில் படிந்த, பாட்டுக்குப் புறம்பான நிலையான அலைவெண். தொடர்ப்பெயர்: உண்மைப் பெயர் தெரியும்வரை பாட்டின் ஒரு தொடரைக் கொண்டு வழங்கும் பெயர்.

'தொலைந்த அலை' நீக்கப்படுகிறது. அடையாளம் தெரிந்த பிறகும் தொடர்ப்பெயரை அழிக்காமல் உண்மைப் பெயரின் கீழ் வைத்திருக்கப் போகிறேன். பல்லாண்டுத் தேடல் மடல்கள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. பின்னால் வருபவர் அதைத்தான் தட்டிப் பார்ப்பார். 'லீட்' என்பதற்குத் துப்பு போதும் என்று விட்டுவிட்டேன். பொய்யாகப் புனைந்து 'பழைய பதிவு' என்று ஏற்றப்படுபவற்றுக்குச் சொல் இன்னும் இல்லை, வெள்ளிக்குள் அனுப்புங்கள்.

– செ.