ரெண்டாவது தடவை இழுத்தால் வெடிக்குமா, வெடிக்காதா?

கம்மவான்பேட்டை ஹவில்தார்: நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருக்கிறார், "ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் சிக்கவே சிக்காது, ஹேமர் வைத்ததெல்லாம் தாத்தா காலத்துச் சாமான்" என்று. ஸ்ட்ரைக்கர் என்றால் ஸ்பிரிங்கில் பாய்ந்து தோட்டாவைக் குத்துகிற ஊசி; ஹேமர் என்றால் பின்னால் நின்று ஊசியை அடிக்கிற சுத்தியல். நானும் தாத்தாதான். 22 வருஷம் பட்டாளத்துச் சோறு தின்ற தாத்தா. தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் உங்கள் கிளாக் மாதிரி ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் என்ன செய்யும்? டிரிகர் பின்னாலேயே செத்துக் கிடக்கும். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளினால்தான் உண்டு. ஹேமர் பிஸ்டலில் டிரிகரை இன்னொரு தடவை இழு, வெடிக்கும்.

குடியாத்தம் குசும்பன்: அந்தத் தம்பி நான்தான் அண்ணே. சிக்கல் என்றால் காலி உறை வெளியே போகாமல் ஸ்லைடு இடுக்கில் நட்டுக்கொண்டு நிற்பது, ரெண்டு தோட்டா ஒன்றாக உள்ளே முட்டுவது. அதற்கெல்லாம் உறையை இழுத்தெடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, தோட்டா அடுக்குகிற மேகசின், தளர்ந்த மணிக்கட்டு காரணம். பின்னால் இருப்பது ஹேமரா ஸ்ட்ரைக்கரா என்று காலி உறைக்குத் தெரியாது.

ஹவில்தார்: அப்படியானால் "ஸ்ட்ரைக்கர் சிக்காது" என்று எழுதியது யார், உன் பேயா? பேச்சை மாற்றாதே. நான் கேட்டது ரெண்டாவது இழுவை.

சத்துவாச்சாரி வாசி: ஐயா, ஒரு சந்தேகம். நம் பட்டாளத்து 9 எம்எம் 1ஏ பிஸ்டல், இஷாப்பூரில் செய்தது, பிரௌனிங் ஹை-பவரின் வார்ப்பு. அது சிங்கிள் ஆக்‌ஷன். டிரிகரை எத்தனை தடவை இழுத்தாலும் விழுந்த ஹேமர் எழுந்திருக்காது. கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். "டிரிகரை இழு, வெடிக்கும்" என்பது எந்த ரெஜிமென்ட் பாடம்?

ஹவில்தார்: கட்டைவிரல் என்ன பக்கத்து வீட்டுக்காரனுடையதா? என் கையில்தானே இருக்கிறது! ஹேமர் வெளியே இருப்பதால்தான் விரலுக்கு எட்டுகிறது. ஸ்ட்ரைக்கர் ஸ்லைடுக்குள் ஒளிந்து கிடக்கிறது. ரெண்டாவது அடி உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குசும்பன்: 'இழுவை' இப்போது 'அடி' ஆகிவிட்டது, கவனித்தீர்களா மக்களே? அப்புறம் வால்தர் பி99 என்று ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரைக்கர்தான், ஆனால் டபுள் ஆக்‌ஷனும் உண்டு. மறுபடி இழுத்தால் மறுபடி அடிக்கும்.

ஹவில்தார்: அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா நைனா? யூடியூபில் சுட்டவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறான். எங்கள் ரேஞ்சில் ஒரு புதுப் பையன் 'டிக்' கேட்டதும் பிஸ்டலைத் திருப்பிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். உஸ்தாத் விட்ட அறையில் அவன் தொப்பி மண்ணில் விழுந்தது. தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. குறிப்பலகைப் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

வாசி: காத்திருக்க வேண்டும் என்றால் உடனே ரெண்டாவது தடவை எப்படி இழுப்பது?

ஹவில்தார்: ரேஞ்ச் வேறு, சண்டை வேறு. சத்துவாச்சாரியில் ரெண்டும் கிடையாது.

பாலாற்று மணல்: தோட்டாவைப் பற்றி வேலூர்க்காரன் பேசாமல் யார் பேசுவது? 1806-ல் கோட்டையில் கொழுப்புத் தோட்டாவால்தானே புரட்சியே வந்தது.

வாசி: அது 1857. இங்கே 1806 ஜூலை 10-ல் வெடித்ததற்குக் காரணம் புதுத் தலைப்பாகை, அதில் வைத்த தோல், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவு. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா?

பாலாற்று மணல்: கொழுப்பும் தோலும் ஒரே மாட்டிலிருந்துதானே வருகிறது. பெரிய புலவர்!

ஹவில்தார்: அந்தக் காலத்து ஃபிளிண்ட்லாக் துப்பாக்கியில் கல் பொறி விடாவிட்டால் சிப்பாய் என்ன செய்தான்? மறுபடி பின்னுக்கு இழுத்து அடித்தான். 1806-லேயே ரெண்டாவது அடி உண்டு!

குசும்பன்: உங்கள் ஹேமர் பிஸ்டலிலும் ஊசி ஓடுகிற துளையில் எண்ணெயும் கரியும் அடைத்தால், தோட்டாவின் அடியில் முதலில் பற்றுகிற பிரைமரில் சின்னப் புள்ளிதான் விழும். ரெண்டாவது அடியும் அதே புள்ளிதான்.

ஹவில்தார்: புள்ளி வைத்துக் கோலம் போடு. வெடிக்குமா, வெடிக்காதா?

குசும்பன்: எந்த பிஸ்டலில்?

ஹவில்தார்: கேள்விக்குக் கேள்வி பதில் இல்லை தம்பி. போனில் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன், ஓடிவிடாதே.

பாலாற்று மணல்: தலைப்பாகைத் தோல் மாட்டுத்தோல் இல்லை என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.