ஆலோசனைக்கு வருபவரின் காரியங்களை நாமே முடித்துக் கொடுக்கலாமா?

பேராக்கரை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை தருகிறவர்களிடம் ஒரு கேள்வி. வேலை ஓய்ந்து, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெரியவர்கள் வருகிறார்கள். சேமநிதிப் படிவம், சமூக நல இலாகா மனு எல்லாம் ஆலோசகரே முடித்துக் கொடுத்தால், அடுத்த வாரம் இன்னொரு தாளோடு வந்து நிற்கிறார்கள். மனம் விட்டுப் பேசுவதே இல்லை. செய்யாவிட்டால் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் சொன்ன இருவகை அக்கறை இங்கே எப்படிப் பொருந்தும்?

லயத்துவாசல்:
அது 1927இல் வந்த அவருடைய ‘இருப்பும் காலமும்’ நூலின் 26ஆம் பிரிவில் வருகிறது. ஒன்று, மற்றவரின் கவலையை அவரிடமிருந்து வாங்கி நாமே சுமப்பது. அவர் ஒதுங்கி நின்று முடிந்த காரியத்தைப் பெற்றுக்கொள்வார். தெரியாமலே நமக்கு அடங்கியும் போகலாம். மற்றது, அவருக்கு முன்னே போய் வழியைக் காட்டி, அந்தக் கவலையை அவருடையதாகவே திருப்பித் தருவது. சுவிஸ் மனநல மருத்துவர் மெடார்ட் போஸ் இரண்டாவதையே சிகிச்சை உறவின் அடிப்படையாகக் கொண்டார். ஆனால் அன்றாட வாழ்வு இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது என்று ஹைடெக்கரே சொல்கிறார். முதலாவதைத் தவறென்று ஒதுக்காதீர்கள்.

50 நிமிடச் சந்திப்பில் முதல் 15 நிமிடம் தாளுக்கு. கடைசிக்கு வைத்தால் அவர் நினைப்பு முழுக்க அதிலேயே கிடக்கும். பேனா அவர் கையில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அடுத்த கட்டம். இலாகாவுக்குப் போன் அடிப்பதும் அவரே; நீங்கள் பக்கத்தில். பிறகு, “சாவியைக் கொடுத்த மறுநாள் காலையில எழுந்து என்ன செய்வீங்க ஐயா?” என்று கேளுங்கள். மௌனமாக இருந்தால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.

செம்பனைக்காடு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் காலி செய்ய ஒரு வாரமே இருக்கும்போது சுதந்திரம், பொறுப்பு என்று பேசுவது கொடுமை. அப்போது நாமே இறங்கிச் செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. வீட்டில் களைக்கொல்லி இருந்தால் அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இங்கே 2020 முதல் தடைதான், ஆனாலும் பழைய புட்டி எங்காவது கிடக்கலாம். போலீசுக்குப் பயந்து குடும்பம் மறைக்கும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் தற்கொலை முயற்சி குற்றமில்லை என்று சொல்லி, கிளினிக்குக் கூடவே போங்கள்.

பேராக்கரை:
நன்றி. நாமே எடுத்துச் செய்ததை எப்போது திருப்பித் தருவது?

லயத்துவாசல்:
ஆபத்து தணிந்ததும், ஒவ்வொன்றாக. முதலில் அடுத்த சந்திப்பு நாளை அவரே குறிக்கட்டும், பிறகு போன், கடைசியில் இலாகாவுக்குத் தனியாகப் போவது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் விட்டால், கைகழுவிவிட்டோம் என்றே எடுத்துக்கொள்வார். வராமல் போவது பெரும்பாலும் அதனால்தான். எதை, எந்த வாரம் முதல் அவர் செய்வார் என்பதை முந்தைய சந்திப்பிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.