ஜோக்ஜகார்த்தா போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பொதிகையான்:

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் ஜோக்ஜகார்த்தாவுக்குப் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. அங்கே எல்லோரும் ஜோக்ஜா என்றுதான் சொல்கிறார்கள். ஊர் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முதலில் என் அனுபவத்தை எழுதுகிறேன், போனவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

பிரம்பானன் கோயில் ஊருக்குக் கிழக்கே 17 கிலோமீட்டர். 9-ஆம் நூற்றாண்டில் கட்டியது. நடுவில் சிவன், இரண்டு பக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும். சிவன் கோயில் மட்டும் 47 மீட்டர் உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதற்குள் நான்கு திசைக்கும் ஒவ்வோர் அறை. கிழக்கே நின்ற கோலத்தில் சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கு அறைக்குள் போனேன், ஒரே இருட்டு. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தால் தாடியும் தொந்தியுமாக ஒரு முனிவர் நிற்கிறார். "அகஸ்த்யா" என்றார் வழிகாட்ட வந்த பெரியவர்.

நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம். சின்ன வயதிலிருந்து பொதிகை மலையைப் பார்த்து, பாபநாசத்தில் குளித்து வளர்ந்தவன். எங்கள் ஊர் அகத்தியர் கடல் தாண்டி இங்கே ஓர் அறையில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் இவர் யார்?" என்று கேட்டார். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று நம்புகிறோம் என்றேன். "இங்கேயும் இவர் குருதான்" என்றார்.

அப்புறம் என்னைச் சுற்றுப்பாதைக்குக் கூட்டிப் போனார். கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் முழுக்க ராமாயணம் செதுக்கியிருக்கிறது. வலம் வந்தால்தான் கதை வரிசையாக வரும். ஓர் இடத்தில் நிறுத்தி, "இது உங்கள் கதையில் உண்டா?" என்றார். தாகத்தோடு இருக்கும் ராமனுக்கு லட்சுமணன் அம்பறாத்தூணியில் தண்ணீர் பிடித்து வருகிறான். குடித்தால் உப்புக் கரிக்கிறது. ஏன் என்று தேடிப் போனால், மேலே மரத்தில் உட்கார்ந்து சுக்ரீவன் அழுதுகொண்டிருக்கிறான், அத்தனையும் அவன் கண்ணீர். கம்பனில் நான் படிக்காத காட்சி. மனைவியைப் பறிகொடுத்த இரண்டு பேரின் நட்பை இப்படி ஆரம்பித்து வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

பெரியவர் முஸ்லிம். இந்தக் கதையை அவருக்குச் சொன்னது அவருடைய தாத்தா. பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஊரிலிருந்து பாங்கு கேட்டது. "இருங்கள், தொழுதுவிட்டு வருகிறேன், ராவணன் வரும் இடம் இன்னும் பாக்கி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே திரும்பி வந்தார்.

சுங்குடிக்காரி:

பொதிகையான் அண்ணா, படிக்கும்போதே அந்தப் படிக்கட்டில் மறுபடி ஏறின மாதிரி இருந்தது. நான் பத்திக் துணியைப் பற்றிச் சொல்கிறேன், மெழுகால் கோலம் போட்டுச் சாயம் ஏற்றுகிற துணி.

முதல்நாள் மாலியோபோரோ கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். நல்ல மாதிரி பேசிய ஒருவர் வந்து, "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, பக்கத்தில் ஓவிய மாணவர்களின் பத்திக் துணிக் கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள்" என்று கூட்டிப் போனார். தேநீர் கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஒரு துண்டு பிடித்துப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் அரண்மனை திறந்துதான் இருந்தது. துணி, மெழுகே தொடாத வெறும் அச்சு. அப்பா வாழ்நாள் முழுக்கச் சாயப்பட்டறையில் நின்றவர், அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை. அவருக்குப் பணம் போனதை விடத் துணி விஷயத்தில் ஏமாந்ததுதான் வலித்தது. ஜோக்ஜாவில் யார் கடைசி நாள் கண்காட்சி என்று சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மறுநாள் அரண்மனைக்குத் தெற்கே ஒரு சந்தில், வீட்டுத் திண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவைப் பார்த்தோம். மரச்சட்டத்தில் துணி தொங்குகிறது. பக்கத்துச் சின்ன அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருக்கிறது, அதை மாலம் என்கிறார்கள். கையில் சான்திங். மூங்கில் பிடியின் நுனியில் சுண்டுவிரல் நுனியளவு செம்புக் கிண்ணம், அதற்கு ஒரு மூக்கு. மெழுகை மொண்டு, அடைப்பு எடுக்க மூக்கில் ஒரு ஊது ஊதி, இடது கையைத் துணிக்கு அடியில் கொடுத்து இழுக்கிறார். கோடு நடுங்கவில்லை. கொஞ்சம் சூடு கூடினால் மெழுகு பரவிவிடும், ஆறினால் துணிக்குள் இறங்காது. எல்லாம் கைக்கணக்குதான்.

அப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் முடிச்சுப் போட்டுச் சாயத்தைத் தடுப்போம், அவர்கள் மெழுகால் தடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அப்பா என் துப்பட்டாவின் முனையைக் கட்டிக் காட்டினார், அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து சான்திங்கை அப்பா கையில் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் நான் அங்கே தேவையே இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகுத் துணியில் முன்னும் பின்னும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அச்சுத் துணி பின்பக்கம் வெளுத்திருக்கும். சாய்ந்த கத்தி போல வரும் பாராங் கோலம் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமே உரியது. அதை உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போகவேண்டாம். யாராவது சொல்லும்வரை நமக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் மனம் கோணும்.

நாஞ்சில் வாசி:

நான் போனது 2019-இல். சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில் இரவு வாயாங் கூலித் பார்த்தேன். நம்ம ஊர் தோல்பாவைக்கூத்தேதான். ஆனால் அங்கே திரைக்கு இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் நிழல். மறுபக்கம் தாளாங், அதாவது பாவையாட்டுகிறவர், அவருக்குப் பின்னால் கமெலான் இசைக்காரர்கள். பாவைகளை வரிசையாகக் குத்தி நிறுத்த என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? திரைக்கு அடியில் படுக்கவைத்த வாழைமரம்! எருமைத்தோல் பாவையின் கொம்புப் பிடி அதில் கச்சிதமாக இறங்கி நிற்கிறது. தாளாங் ஒரே ஆள்தான். கை பாவையை ஆட்ட, கால் உலோகத் தகடுகளைத் தட்ட, வாய் பத்துக் குரலில் பேசுகிறது.

நம்ம கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்ததும் பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள் இல்லையா? அங்கே செமாரும் அவன் மூன்று பிள்ளைகளும். குள்ளம், தொப்பை, எஜமானனிடமே எதிர்த்துப் பேசுகிற வேலைக்காரன். ஆனால் செமார் உண்மையில் மண்ணுக்கு இறங்கி வந்த தெய்வம் என்று பக்கத்தில் இருந்த மாணவி சொன்னாள். எங்கள் பக்கம் கூத்தாடும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஜோக்ஜாவில் சின்னப் பையன்கள் தாளாங் ஆகப் படிக்கிறார்கள். சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

புதுக்கோட்டை ராணி:

அடுத்த மாதம் போகிறோம். அம்மா சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

பொதிகையான்:

கவலைப்படாதீர்கள் சகோதரி. குடேக் என்று ஊர் முழுக்கக் கிடைக்கும். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இனிப்பாக இருக்கும், நம் நாக்குக்குக் கொஞ்சம் பழகவேண்டும். ஆனால் அதன்கூடக் கோழி, முட்டை, கிரெச்செக் மூன்றும் தானாகவே தட்டில் வந்துவிடும். கிரெச்செக் பார்க்க அப்பளக் குழம்பு மாதிரி இருக்கும், அது மாட்டுத்தோல். மேலே ஊற்றுகிற தேங்காய்ப்பால் குழம்பில் கோழிச்சாறு கலப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பாதுகாப்பானது தெம்பேயும் டோஃபுவும், இரண்டும் சோயாவில் செய்வது. கடோ-கடோவும் நல்லது, வேகவைத்த காய்கறிக்கு வேர்க்கடலைக் குழம்பு. முட்டையும் இறால் விழுதும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "தன்பா" என்றால் "இல்லாமல்". தன்பா தெலூர், முட்டை இல்லாமல். தன்பா தெராசி, இறால் விழுது இல்லாமல்.

வழியில் "கெடாய் கோபி" என்று பலகை பார்த்தால் உள்ளே போங்கள். கெடாய் நம்ம "கடை"தான். அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு காபி குடியுங்கள்.