ஹார்டு டிஸ்க் காந்தத்திலிருந்து நியோடிமியம்: வீழ்படிவு மஞ்சளாக வருகிறது, ஏன்?

வடிதாள்:
காந்தம் 100 கிராம். 350 டிகிரியில் சுட்டுக் காந்தத்தன்மையைப் போக்கி, நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டியாயிற்று. ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் இளஞ்சிவப்புக்குப் பதில் மஞ்சளாக விழுகிறது. 900 டிகிரியில் சுட்டால் செங்கல் நிறத் தூள். எங்கே பிசகு?

உலைமூக்கு:
மஞ்சள் என்றால் ஃபெரஸ் ஆக்சலேட், அதாவது இரும்பின் ஆக்சலேட் உப்பு. காந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரும்புதான். அதுவும் சேர்ந்தே விழுகிறது. முதலில் நியோடிமியத்தைச் சோடியம் இரட்டைச் சல்பேட்டாக (சோடியமும் நியோடிமியமும் சேர்ந்த, அதிகம் கரையாத உப்பு) பிரித்தெடுங்கள், இரும்பு கரைசலிலேயே நின்றுவிடும்.

1.5 லிட்டர் தண்ணீரில் 98% அமிலம் 87 மி.லி. (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும்). காந்தத்தைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். மொத்தம் 35 லிட்டர் போல ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பே கூடாது. பாத்திரம் குளிர்ந்த நீரில் இருக்கட்டும். நியோடிமியம் சல்பேட் 100 மி.லி. நீரில் 20 டிகிரியில் 7 கிராம் கரையும், 90 டிகிரியில் ஒரு கிராம் சொச்சம்தான். சூடேறினால் அடியில் உப்பாகத் தங்கும்; நிக்கல் பூச்சுச் செதில் என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள்.

வடித்த கரைசலில் நீரற்ற சோடியம் சல்பேட் 80 கிராம் சேர்த்து, 70 டிகிரியில் 2 மணி நேரம் கலக்குங்கள். பிஎச் 1.5ஐத் தாண்டக் கூடாது; தாண்டினால், காற்றுப்பட்டு ஃபெரிக்கான (ஆக்சிஜனேற்றமடைந்த) இரும்பு, ஜாரோசைட் என்ற மஞ்சள் சல்பேட் உப்பாக விழும். வீழ்படிவை வெந்நீரில் கரைத்த சோடியம் சல்பேட்டால் கழுவுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம்.

பிறகு காஸ்டிக் சோடா 40 கிராமை அரை லிட்டரில் கரைத்து, வீழ்படிவை அதில் போட்டு, அதே சூட்டில் 2 மணி நேரம். கிடைக்கும் ஹைட்ராக்சைடைச் சல்பேட் போகக் கழுவி, அளவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அதன் பிறகே ஆக்சாலிக் அமிலம், 50 கிராம்.

கரிமணல்:
ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி இரும்பை ஃபெரிக்காக்கினால் ஆக்சலேட்டோடு கரைந்தே இருக்குமே?

உலைமூக்கு:
இருக்கும். ஆனால் ஓர் இரும்பு அணு மூன்று ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். இந்த 100 கிராமுக்கு இரும்புக்கு மட்டுமே 440 கிராம் ஆக்சாலிக் அமிலம் வீண்.

இரட்டைஉப்பு:
ஒன்று கவனியுங்கள். நியோடிமியம் போலவே காந்தத்தில் சேர்க்கும் உலோகமான டிஸ்ப்ரோசியத்தின் இரட்டைச் சல்பேட் அதிகம் கரையும். அதில் ஒரு பகுதி இரும்போடு போய்விடும். மின்வாகன மோட்டார் காந்தம் என்றால் அந்த வடிநீரைக் கொட்டாதீர்கள்.

வடிதாள்:
நன்றி. கடைசித் தூள் வெளிர் நீலமாக வந்தால்தான் சுத்தமா?

உலைமூக்கு:
அப்படி எதிர்பார்க்க வேண்டாம். நியோடிமியத்தோடு கூடவே வரும் உலோகமான பிரேசியோடிமியம் கொஞ்சம் இருந்தாலே பழுப்பாகிவிடும். தூளில் சிட்டிகை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அமோனியம் தயோசயனேட் விடுங்கள். ரத்தச் சிவப்பானால் இரும்பு. 35 கிராம் வரை கிடைக்கலாம். ஆறியதும் மூடிவைத்து உடனே எடை போடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து எடை கூடிவிடும்.