பாட்டியின் கதைகளைப் பதிய வாங்கிய யூஎஸ்பி மைக்: இரைச்சலும் பொரியும் சத்தமும்

கோத்தகிரிப் பேத்தி எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வசிக்கிறேன். 86 வயதாகும் என் பாட்டிக்குப் படுகு மொழியில் ஏராளமான கதைகள் தெரியும். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அந்தக் காலத்தில் பாடிய பாட்டுகளும் நினைவில் இருக்கின்றன. பார்வை மங்கிவிட்டது, குரல் இன்னும் மங்கவில்லை. அந்தக் குரல் இருக்கும்போதே பதிந்து வைத்துவிட வேண்டும் என்று, கணினியில் நேரடியாகச் செருகும் யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன்.

பாட்டி அடுப்பங்கரையை விட்டு வரமாட்டார். ஆகையால் முன்னறையில் ஜன்னலோரம் வைத்திருக்கும் மைக்கையும் மடிக்கணினியையும் காலையில் அங்கே எடுத்துச் சென்று, அவருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று மூன்றடி தள்ளி ஒரு முக்காலியில் வைத்து, மைக்கின் உச்சி அவர் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து, அதிலுள்ள, ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை முழுவதும் ஏற்றிவிட்டு, ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிகிறேன். குரலுக்குப் பின்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் மட்டுமே ஒலி வருகிறது. வாக்கியம் முடியும் இடங்களில், பாட்டி குரலைத் தாழ்த்தும்போது, கடைசிச் சொல் விழுங்கப்பட்டதுபோல் மறைந்துவிடுகிறது. இவை போதாதென்று, பதிவின் முதல் 15, 20 நிமிடங்களுக்கு எண்ணெயில் கடுகு பொரிவதைப்போன்ற சத்தம் வந்து, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால், அவர் கடையில் சோதித்தபோது மைக்கில் எந்தக் குறையும் இல்லை என்கிறார். மைக்கை மாற்றித் தரச் சொல்லி வற்புறுத்துவதா, அல்லது தவறு என்னிடம்தானா?

குன்னூர்க்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். தாங்கள் விவரித்ததில் பெரும்பகுதி வைத்த இடத்தின் கோளாறே தவிர, கருவியின் கோளாறு அன்று.

முதலில் திசையைப் பாருங்கள். மேசையில் நிற்கும் யூஎஸ்பி மைக்குகளில் பலவும், புளூ யெட்டியைப் போல, பக்கவாட்டில் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. மேடையில் பிடித்துப் பாடும் மைக்கைப் பார்த்துப் பழகிய நமக்கு உச்சியில் பேசத்தான் தோன்றும். ஆனால் இவற்றில் ஒலியை வாங்கும் தகடு உள்ளே செங்குத்தாக நிற்கிறது, அதன் முகம் பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் அச்சிட்ட பக்கத்தை நோக்கியிருக்கும். மைக்கை நேராக நிமிர்த்தி, அந்தப் பக்கத்தைப் பாட்டிக்குக் காட்டுங்கள். ஒலிவாங்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருந்தால், இதய வடிவக் குறியில் நிறுத்துங்கள். அது முன்னால் வருவதை வாங்கி, பின்னால் வருவதைப் பெருமளவு தள்ளிவிடும்.

அடுத்தது தூரம். ‘உஸ்’ இரைச்சலுக்கு மூலகாரணம் அந்த மூன்றடிதான். திறந்த வெளியில் வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரம் இரு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. மூன்றடியிலிருந்து முக்கால் அடிக்கு, அதாவது ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால், தூரம் நான்கில் ஒரு பங்காகிறது; குரல் ஏறத்தாழ 12 டெசிபல் உயர்கிறது. அந்த 12 டெசிபலைக் கெயினில் குறைத்துக்கொள்ளலாம், குறைக்கும்போது அறையின் இரைச்சலும் அதே அளவு இறங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இந்த ஒரு சாண் செய்வதைச் செய்யாது. நேர் எதிரே வைக்காமல் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில், அரைச் சாண் கீழே வைத்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதும் ‘புப்’ சத்தமும் குறையும், பாட்டியின் கண்ணை உறுத்தவும் செய்யாது. அதற்கும் நெருங்க வேண்டாம். இதய வடிவ மைக்குகள் மிக அருகில் பேசினால் குரலின் அடித்தொனியை மிகைப்படுத்திவிடும்.

கெயினை அமைக்கும் முறை இது: பாட்டியை வழக்கம்போல் பேசவிட்டு, ஆடாசிட்டியின் அளவுமானியில் உச்சங்கள் மைனஸ் 18 டெசிபலுக்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி திருகைக் குறையுங்கள். பழைய கேசட்டில் ஒலி எல்லை மீறினால் சற்றுக் கரகரக்கும், அவ்வளவே; டிஜிட்டலில் 0 டெசிபலுக்கு மேல் எதுவுமே இல்லை, அலையின் தலை வெட்டுண்டு போகும், பிறகு ஒட்டவைக்க முடியாது. கதை சொல்பவர்கள் திடீரென்று சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டு வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் குறைந்த அளவில் பதிவதற்கு அஞ்ச வேண்டியதில்லை: மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைப்பட்ட வீச்சு 16 பிட்டுக்குக் கோட்பாட்டளவில் 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144.

இடது காதுப் பிரச்சினை மிக எளியது. ஒரே வாய் பேசுவதை இரண்டு தடங்களில் பதியச் சொல்லியிருக்கிறீர்கள். ஆடாசிட்டியில் பதிவுத் தடத்தை ‘மோனோ’ என்று மாற்றினால் தீர்ந்தது. வாக்கிய இறுதி மறைவது விண்டோஸின் வேலை. ஒலி அமைப்பில் அந்த மைக்கின் பண்புகளைத் திறந்து, ஒலி மேம்பாடுகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். அவை கூட்ட அழைப்புகளுக்காக வைக்கப்பட்டவை. தாழ்ந்த குரலை இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடுகின்றன. பொரியும் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் திடமான பதில் இல்லை.

உதகை வாசகர் எழுதியது:

அந்தப் பொரியும் சத்தம் இந்த மலையில் வாழ்பவர்களுக்கே வாய்த்தது என்று சொல்லலாம். சமவெளியில் உள்ள கடையில் சோதித்தால் எப்படித் தெரியும்?

தாங்கள் மைக்கை ஜன்னலோரம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மார்கழி, தை மாதத்துக் காலையில் அந்த உலோக உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். அதை அப்படியே எடுத்துப்போய், அடுப்பு எரிந்து வெந்நீர் கொதிக்கும் அறையில் வைத்தால், வெளியிலிருந்து வருபவரின் மூக்குக் கண்ணாடியில் படர்வதைப்போலவே மைக்கின் உள்ளேயும் ஈரம் படர்கிறது. கண்டென்சர் மைக்கில் மெல்லிய தகடொன்று மின்னேற்றத்துடன் நிற்கிறது. ஈரம் பட்டால் அந்த மின்னேற்றம் கசிகிறது, கசிவதுதான் பொரிவதாகக் கேட்கிறது. அறையின் வெப்பத்துக்கு மைக் வந்ததும் ஈரம் உலர்ந்து சத்தம் நின்றுவிடுகிறது. தங்கள் 20 நிமிடக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மைக்கை மூடி வையுங்கள். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, டப்பாவைத் திறக்காமலேயே அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்து, உள்ளேயிருப்பது சூடேறிய பிறகு திறங்கள். முன்கூட்டியே திறந்துவிட்டால் பயனில்லை. ஈரத்தை உலர்த்துகிறேன் என்று அடுப்புக்கு அருகில் மட்டும் காட்டிவிடாதீர்கள். புகையும் கரியும் தகட்டில் படிந்தால் அதற்கு மருந்தில்லை.

கூடலூரான் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். இவ்வளவு பத்தியம் காக்க வேண்டிய கருவி நம் ஊருக்கு எதற்கு? சாம்சன் க்யூ2யூ போன்று யூஎஸ்பியிலும் இயங்கும், மின்னேற்றிய தகடு இல்லாத டைனமிக் மைக்குகள் கிடைக்கின்றன. அவை ஈரத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை தகரக் கூரையில் கொட்டுகிறது. நான் அந்த மழைக்குள்தான் பாடம் பதிகிறேன். வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் டைனமிக் மைக்கை வைத்துப் பேசிவிட்டு, சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, கடைசியில் ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கியை முழு அளவில் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது.

குன்னூர்க்காரர் எழுதியது:

டைனமிக் மைக் பற்றிக் கூடலூர் நண்பர் சொல்வது சரி. புதிதாக வாங்குபவருக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் நான்கு விரல் தூரம் என்பது பாடம் நடத்துபவருக்குச் சரிப்படும். கதையின் நடுவே திரும்பி அடுப்பில் விறகைத் தள்ளிவிடும் 86 வயதுப் பாட்டியின் வாயை ஒரே இடத்தில் நிறுத்த யாரால் முடியும்? அவருக்குக் கண்டென்சரே இணக்கம்.

முட்டை அட்டைகளை விட்டுவிடுங்கள். அவை மெல்லிய காகிதக் கூழ்; உயர்ந்த அலைவரிசைகளைச் சிறிது கலைக்குமே தவிர, குரலின் நடுப்பகுதி எதிரொலிப்பதையோ வெளிச் சத்தத்தையோ தடுக்காது. நம் வீடுகளில் தட்டுப்பாடே இல்லாத பொருள் கம்பளி. இரண்டு கம்பளிகளைக் கொடியில் இரட்டையாகத் தொங்கவிடுங்கள். எங்கே என்பதுதான் முக்கியம்: மைக்கின் முதுகுப்புறம் அன்று, பாட்டியின் முதுகுக்குப் பின்னால். இதய வடிவ மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

இரைச்சல் நீக்கியை முழு அளவில் ஓட்டுவது பற்றி எனக்கு வலுவான மறுப்பு உண்டு. பாடத்துக்கு அது பாதகமில்லை. இது பாட்டியின் மொழி. மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கி ஆய்ந்தபோது, படுகு மொழியில் நாவை வளைத்து ஒலிக்கும் உயிரொலிகள் இருப்பதைக் குறித்தார். பிற்கால ஆய்வுகள், அந்த வேறுபாடு பலரது பேச்சில் தேய்ந்துவிட்டதைக் காட்டுகின்றன. உங்கள் பாட்டியின் நாவில் அது எஞ்சியிருக்கக்கூடும். இரைச்சல் நீக்கி மிகுதியானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகி, முதலில் அழிவது இத்தகைய நுட்பங்களே. ஆகவே மூலப் பதிவைத் தொடாமல் வைத்துவிட்டு, உறவினருக்கு அனுப்பும் நகலில் மட்டும் 6 முதல் 10 டெசிபல் வரை நீக்குங்கள். அதற்கு வெறும் இரைச்சலின் மாதிரி தேவைப்படும் என்பதால், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யாரும் பேசாமல் பத்து வினாடி ஓடவிடுங்கள். தகரத்தில் விழும் மழை கணத்துக்குக் கணம் மாறுவதால் அதை எந்த நீக்கியும் ஒழுங்காக நீக்காது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பதிவதே வழி.

கோத்தகிரிப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். சின்னம் உள்ள பக்கம் திரும்பியதும் கேட்ட வேறுபாட்டை நம்பவே முடியவில்லை. ஒரு மாதமாக மைக்கின் தலையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். டப்பாவில் வைத்துச் சூடேற்றியதால் நான்கு நாளும் பொரியவில்லை. கம்பளியைத் தொங்கவிட்டபோது வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களா என்று பாட்டி கேட்டார், அதுவும் பதிவாகியிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. மடிக்கணினிக்குச் சார்ஜர் போட்டிருக்கும்போது ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த முனகல் வருகிறது, இரவில் அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிகள் இலை வாட்ட ஓடும்போது அதே போன்ற ஒன்று சார்ஜர் இல்லாமலும் கேட்கிறது. மேலும், கோப்புகளை எந்த வடிவத்தில் சேமிப்பது?

உதகை வாசகர் எழுதியது:

சார்ஜரால் வருவது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் பதியுங்கள். மைக்கின் கம்பியை இடையில் ஹப் எதுவுமின்றி நேராக மடிக்கணினியில் செருகுங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து அப்பால் வைத்துவிடுங்கள். தொழிற்சாலை விசிறியின் முனகல் காற்றிலும் சுவரிலும் வருவது. மைக்கின் அடியில் மடித்த துண்டொன்றை வைத்தால் முக்காலி வழியாக ஏறும் அதிர்வு குறையும். எஞ்சியதை நகலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பெண் குரலின் அடிப்படை அலைவரிசை பொதுவாக 160 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் பாட்டியின் குரலுக்குச் சேதமில்லை. ஆனாலும் விசிறி ஓடாத பகல் வேளை கிடைக்குமானால் அதுவே மேல்.

சேமிப்புக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் கோப்பு. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ பாதுகாப்புப் பதிவுகளுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது இந்த 48, 24 அளவைத்தான். விண்டோஸிலும் ஆடாசிட்டியிலும் ஒரே எண்ணை அமையுங்கள். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 520 எம்பி ஆகும். இடம் போதாவிட்டால் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள், தரம் ஒரு துளியும் குறையாது. எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்பும் நகலுக்கு மட்டும் போதும். மூலத்தை இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கோப்பின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பெயர்கள் மாறிப்போகும். அந்தப் பத்து வினாடி அமைதி முடிந்ததும், தேதி, ஊர், பாட்டியின் பெயர், அவர் சொல்லப்போகும் கதை ஆகியவற்றைத் தங்கள் குரலிலேயே சொல்லிவிட்டு, பதிய அவருக்குச் சம்மதமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.