எல்க் வேட்டைக்கு மஸில்லோடர்: எதை வாங்குவது?

வடகரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸில் வசிக்கிறேன். இந்த ஆண்டுக் குலுக்கலில் செப்டம்பர் மஸில்லோடர் பருவத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட உரிமம் கிடைத்திருக்கிறது. இடம் ஃபிளாட் டாப்ஸ் பக்கம். ஆண், பெண் இரண்டில் எதையும் சுடலாம். இதுவரை ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குறி பொருத்திய ரைஃபிளில்தான் வேட்டையாடியிருக்கிறேன். குழல் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் இந்த மஸில்லோடர் துப்பாக்கியைக் கையில் எடுத்ததுகூட இல்லை.

கடையில் சிவிஏ நிறுவனத்தின் வுல்ஃப், ஆப்டிமா, அக்யூரா என்று வரிசையாகக் காட்டினார்கள். விலை ஏறிக்கொண்டே போகிறது. துப்பாக்கி, மருந்து, குண்டு எல்லாம் சேர்த்து 700 டாலருக்குள் முடிக்க வேண்டும். 45 காலிபர் (குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம்) வேகமானது என்கிறார் ஒருவர், 54தான் எல்க்குக்குச் சரி என்கிறார் இன்னொருவர். காணொளிகளில் 250 கஜத்திலிருந்து சுட்டு வீழ்த்துகிறார்கள். அது நடக்கிற காரியமா? அடுத்த ஆண்டு ஐடஹோவுக்கு வரும்படி நண்பர் அழைக்கிறார். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே துப்பாக்கி போதுமா?

அடிபட்ட மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கோ கிடந்து சாவதை என்னால் ஏற்க முடியாது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என் கவலை.

கல்மலை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கவலை உள்ளவருக்குத்தான் இந்தத் துப்பாக்கி ஏற்றது.

நான் மாண்ட்ரோஸ் பக்கம் இருக்கிறேன். பல ஆண்டுகளாகச் செப்டம்பரில் இதைத்தான் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறேன். என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குண்டைத் தேர்ந்தெடுங்கள். குண்டுக்கும் முன்னால் விதிகளைப் படியுங்கள். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது. குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையான சபோ கூடாது. வில்லையாக வரும் மருந்து கூடாது, தூளாகத்தான் இருக்க வேண்டும். புகையில்லா மருந்து அறவே கூடாது. எல்க்குக்குக் குறைந்தது 50 காலிபர் வேண்டும். ஆகவே 45 என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

காணொளிகளில் நீங்கள் பார்த்த 250 கஜக் கதைக்கும் இதே பதில்தான். பெரும்பாலும் அவை ஸ்கோப்பும் சபோவும் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் எடுத்தவை. நம் கையில் இருக்கப்போவது இரும்புக் குறியும், குழலின் முழு விட்டத்துக்குச் செய்த கனத்த ஈயக் குண்டும்தான். 385 கிரெய்ன் (ஏறத்தாழ 25 கிராம்) எடையுள்ள கூம்புக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,400 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வையுங்கள். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்திருந்தால் 150 கஜத்தில் அது ஒரு சாண் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். 200 கஜத்தில் ஒரு முழத்துக்கும் மேல். தூரத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலும் குண்டு வயிற்றிலோ காலிலோ போய்ப் படும். எனவே என் எல்லை 100 கஜம். நன்றாகப் பழகியவர் 125 வரை போகலாம். அதற்கு மேல் இந்தத் துப்பாக்கியால் எல்க்கைச் சுடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இதனால் வேட்டை கெட்டுவிடாது. செப்டம்பர் எல்க்கின் இணைசேரும் காலம். ஆண் எல்க் ஊளையிட்டுக் கொண்டே திரியும். பெண்ணின் குரலை எழுப்பி அழைத்தால் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே 50 கஜத்துக்குள் வந்து நிற்கும். அமெரிக்காவில் எல்க் மிக அதிகமாக உள்ள மாநிலம் கொலராடோ. தூரத்தை நீட்டுவதைவிட நெருங்கிப் போகக் கற்றுக்கொள்வதே சிறந்தது.

இப்போது குண்டு. விலைக்குறைவான துப்பாக்கியாலும் எல்க்கைச் சுத்தமாக வீழ்த்தலாம், பொருந்தாத குண்டால் முடியாது. எல்க் பெரிய விலங்கு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பைத் தொட்டாலும் உள்ளே போய் இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேறும் குண்டுதான் வேண்டும். மறுபக்கத் துளை இருந்தால்தான் ரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கும். அதனால் மான் வேட்டைக்கு விற்கும் இலகுவான குண்டுகளை ஒதுக்கிவிட்டு 350 கிரெய்னுக்கு மேல் பாருங்கள். ஹார்னடி கிரேட் பிளெயின்ஸ் 385, தாம்சன் சென்டர் மேக்ஸி பால் 370 இரண்டும் நெடுங்காலமாக எல்க் வேட்டைக்காரர்கள் நம்பிவரும் குண்டுகள். கூம்புக் குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. மிகக் கனத்தவற்றை வாங்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டு குழலில் எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 50 காலிபர் என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு குழலின் உள்விட்டமும் மயிரிழை மாறும். குண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், குழலைக் கீழ்நோக்கிப் பிடித்து நடக்கும்போது அது மருந்தை விட்டு முன்னே நகர்ந்துவிடும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுடுவது ஆபத்து, குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். கோலால் சீராக அழுத்தினால் மட்டும் இறங்கும் அளவுதான் சரி. சரியாகக் கெட்டித்த நிலையில் கோல் குழல் வாயில் எங்கே நிற்கிறதோ அங்கே கோலில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். காட்டில் அவ்வப்போது கோலை இறக்கிப் பாருங்கள். கோடு மேலே தெரிந்தால் குண்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே கம்பளி வட்டு ஒன்று வைத்தால் பிடிப்பும் கூடும், குண்டுகள் படும் வட்டமும் சுருங்கும்.

இதற்குத் தக்கபடி, குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி இருக்க வேண்டும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கூம்புக் குண்டுக்குப் பொருத்தம். ஆப்டிமா அப்படித்தான் வருகிறது. உங்கள் பணத்துக்கு அதுவே போதும். அக்யூராவின் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் நன்மை 100 கஜ இரும்புக் குறியில் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் துளைவழி பார்க்கும் பீப் சைட் ஒன்று பொருத்துங்கள், அது அனுமதிக்கப்பட்டதுதான். நாற்பதைக் கடந்த கண்ணுக்கு, பின்குறியின் பள்ளம், முன்குறி, மான் மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரியாது. பீப் சைட்டில் முன்குறியை மட்டும் பார்த்தால் போதும். இது நான் மனமார வற்புறுத்தும் செலவு.

மருந்துக்கு பிளாக்ஹார்ன் 209. தூளாக இருப்பதால் இங்கே செல்லும். குழலில் கசடு குறைவு. ஆனால் மருந்தைப் பற்றவைக்கும் 209 ஷாட்கன் பிரைமரும் அதற்கேற்ற பின்னடைப்புத் திருகும் இல்லாமல் அது ஒழுங்காகப் பற்றாது. கொள்ளளவில் 100 கிரெய்ன் என்பது தராசில் ஏறத்தாழ 70 கிரெய்ன்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துப்பாக்கியோடு வரும் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். டிரிபிள் செவன் மருந்து என்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு ஈரத்துணி விட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கெட்டியான வளையம் படிந்து அடுத்த குண்டு முழுவதும் இறங்காது.

ஹாக்கன் ரசிகன் எழுதியது:

கல்மலை ஐயா சொன்ன தூர எல்லையை முழுமையாக ஆமோதிக்கிறேன். ஆனால் துப்பாக்கியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 100 கஜத்துக்குள்தான் சுடப்போகிறோம் என்றால் பக்கவாட்டில் சுத்தியல் (குதிரை) வைத்த பழைய பாணித் துப்பாக்கியே போதுமே! செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளோடுதான் அந்தக் காலத்து மலைவாசிகள் இதே ராக்கி மலையில் எல்க் சுட்டார்கள். இப்போது பரவலாக விற்கும் குழலுக்கு நேர்பின்னே பற்றவைக்கும் நேர்வரிசை வகை, டோனி நைட் 1985இல் எம்கே-85 துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகுதான் பிரபலமானது.

என்னிடம் இருப்பது 54 காலிபர் லைமன் கிரேட் பிளெயின்ஸ் துப்பாக்கி, பழையதாக வாங்கியது. உட்புரி 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று, துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கென்றே செய்தது. குண்டு 225 கிரெய்ன் இருக்கும். 70 கஜத்துக்குள் விலாவுக்குப் பின்புறமாகச் சாய்த்துச் சுடாமல், நேர்பக்கமாக நிற்கும் மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்தால் வேறெதுவும் தேவையில்லை. 50 காலிபர் உருண்டை 177 கிரெய்ன்தான், விதிப்படி செல்லும் என்றாலும் எல்க்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்மலை எழுதியது:

54 உருண்டையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தம்பிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. துணியின் கனம், மசகு, பற்றவைக்கும் கேப் நனையாமல் காப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள ஒரு கோடைக்காலம் போதாது. செப்டம்பர் பிற்பகல்களில் பத்தாயிரம் அடி உயரத்தில் மழை சொல்லாமல் வரும். ஆப்டிமாவில் உள்ளது போன்ற மூடிய பற்றவைப்புக்கு அங்கே மதிப்பு அதிகம். குழல் வாயில் ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். அதைக் கிழித்துக்கொண்டு சுடலாம், குறி மாறாது.

போய்சி தமிழச்சி எழுதியது:

ஐடஹோவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வடகரையான், ஆப்டிமாவை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மஸில்லோடர் பருவத்தில் பயன்படுத்த முடியாது. இங்கே 209 பிரைமருக்கு அனுமதி இல்லை. பற்றவைப்பு வெளியே தெரிய வேண்டும். சிக்கிமுக்கி, கேப், மஸ்கெட் கேப் (பெரிய அளவு கேப்) மட்டும்தான். சபோ, ஸ்கோப், வில்லை மருந்து இங்கும் கூடாது.

இதற்காகவே 'நார்த்வெஸ்ட்' என்ற பெயரில் திறந்த பற்றவைப்பு வகைகள் விற்கிறார்கள். அதை வாங்கினால் கொலராடோவிலும் செல்லும். ஆனால் மஸ்கெட் கேப்பில் பிளாக்ஹார்னை நம்ப முடியாது. டிரிபிள் செவன் தூளோ அசல் கரிமருந்தோதான் போட வேண்டும். நான் பயன்படுத்துவது கோயெக்ஸ் கரிமருந்து. வீட்டுக்கு வந்த அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவிவிட வேண்டும், மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் துரு பிடித்துவிடும்.

வடகரையான் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா, அக்கா. ஐடஹோப் பயணம் இன்னும் உறுதியாகவில்லை. எனவே இந்த ஆண்டுக்கு ஆப்டிமா, பீப் சைட், 385 கிரெய்ன் குண்டு என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி. மாலையில் சுடாமலே திரும்பினால் கெட்டித்த துப்பாக்கியை என்ன செய்வது? காரில் ஏற்றலாமா?

கல்மலை எழுதியது:

பிரைமரைக் கழற்றிவிட்டால் போதும், கொலராடோ விதிப்படி அது காலித் துப்பாக்கிதான். பிரைமரோடு வண்டியில் ஏற்றுவது குற்றம். கூடாரத்துக்குத் திரும்பியதும் துப்பாக்கியை வெதுவெதுப்பான உள்ளே கொண்டுபோகாமல் வெளியிலோ வண்டியிலோ வையுங்கள். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்தால் குழலுக்குள் நீர் கோத்து மருந்து நமத்துவிடும். நனைந்தது என்ற சந்தேகம் வந்தால் பின்னடைப்பைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டுப் புதிதாகக் கெட்டியுங்கள். ஆப்டிமாவில் அது எளிது.

பைனாகுலரை மறக்க வேண்டாம். பெரும்பாலான பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கோப் இல்லாமல் அதை வெறுங்கண்ணால் எண்ண முடியாது. ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடையும் தொப்பியும் மஸில்லோடர்காரர்களுக்குக் கட்டாயம். ஜூலைக்குள் துப்பாக்கியை வாங்கி, 50 கஜத்திலிருந்து தொடங்குங்கள். மேசையில் வைத்துச் சுடுவதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் பழகுங்கள். எந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் எல்லாக் குண்டும் விழாமல் போகிறதோ, அதற்குப் பத்து கஜம் முன்னால் உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.